பக்கத்து அறையின் நீலம்

கனடாவின் மோர்னிங்சைட் சமூக நிலையத்தில் பதினேழு ஆண்டுகளாகச் சாறி பிளவுஸ் தைக்கப் பழக்கிவரும் கோணேஸ்வரிக்குப் பொறாமை என்ற குணம் அறவே கிடையாது. இதை அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்து அறையில் நைஜீரியப் பெண்மணி பொலான்லே வகுப்புத் தொடங்கிய பிறகு, நாளுக்கு மூன்று தடவை சொல்கிறார்.

அங்கே படிப்பிப்பது அடிரே என்னும் நீலத்துணி. மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் வரைந்து, சாயத்தில் தோய்த்தால் பசை பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். பழைய உருக்களைப் பார்த்து வரையப் பொலான்லே விடமாட்டார். "அந்தக் காலத்து நைஜீரியப் பெண்கள் தங்கள் ஊரை வரைந்தார்கள். நீங்கள் உங்கள் ஊரை வரையுங்கள்" என்பார்.

கோணேஸ்வரியின் பதினொரு மாணவிகளில் எட்டுப் பேர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கெட்டிக்காரி நிசாந்தினியும் போனாள். வகுப்பில் குறைந்தது ஆறு பேராவது இல்லாவிட்டால் மூடுவோம் என்று அலுவலகம் கடிதம் போட்டது.

"கஞ்சி காய்ச்சவும் ஒரு வகுப்போ? அதை ஒருக்காப் பார்த்திட்டு வாறன்."

பிள்ளைகளை மீட்டுவரும் புனித நோக்கத்துடன் கோணேஸ்வரி சனிக்கிழமை உள்ளே நுழைந்தார்.

"அன்ரி! நீங்களும் சேர்ந்திட்டீங்களோ?" என்றாள் நிசாந்தினி.

"எனக்கென்ன விசரோ? அளவு நாடாவைக் காணேல்லை, தேடி வந்தனான்."

"கழுத்தில தொங்குது அன்ரி."

அதற்குள் பொலான்லே ஓர் இறகைக் கையில் திணித்துவிட்டார். காலையில் கண்டதை வரையச் சொன்னார். பஸ் தரிப்பில் நின்ற குடைகளைக் கோணேஸ்வரி வரைந்தார், மரியாதைக்காகத்தான். மரியாதை இரண்டு மணித்தியாலம் நீடித்தது.

அடுத்த சனிக்கிழமை, தோய்த்துக் காய்ந்த துணிகள் சுவரில் தொங்கின. நடுநாயகமாக, நிசாந்தினி வரைந்த நெடுஞ்சாலை நெரிசல். மூலையில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், கோணேஸ்வரியின் குடைகள்.

"இவளின்ர துணி நடுவிலயோ? ஊசியில நூல் கோக்கப் பழக்கினதே நான்!"

"உங்கட குடையளும் வடிவாத்தான் இருக்கு அன்ரி," என்றாள் நிசாந்தினி ஆறுதலாக. "இன்னும் கொஞ்சம் பிராக்ரிஸ் பண்ணினா வரும்."

இப்படி ஆறுதல் சொல்லுகிறவர்களைத் தண்டிக்கக் கனடாவில் சட்டம் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும், வகுப்புகளைப் பதியும் ஜனார்த்தனின் தொலைபேசி அடித்தது. கோணேஸ்வரிதான்.

"தம்பி ஜனார்த்தன், என்ர வகுப்பை மூடுங்கோ. சனிக்கிழமையில எனக்கு நேரமில்லை. பக்கத்து அறையில என்ர பேரைப் பதியுங்கோ. நிசாந்தினிக்குப் பக்கத்து மேசை வேணும். அவள் என்ன கீறுறாள் எண்டு தெரியோணும்."

"சரி அன்ரி. உங்களிட்ட மிஞ்சின மூண்டு பேரையும் அங்கயே பதியட்டோ?"

"ஐயோ, அவையளின்ர துணியும் நடுவில தொங்கவோ? இடமில்லை எண்டு சொல்லுங்கோ!"