ரேடாரும் ராயப்பன் மாமா எள்ளும்

"மழை வராது மாமா, தைரியமா காயப் போடுங்க"ன்னு நான் மெசேஜ் அனுப்பி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, புவனகிரி பக்கத்துல ராயப்பன் மாமாவோட களத்துல மழை கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. வானம் பாக்குற தொழில்ல அது ஒரு வசதி. நாம பண்ண தப்பு உடனே மேலேர்ந்து எறங்கி வந்து சொல்லிடும்.

தொழில்னா சம்பளம் வர்ற தொழில் இல்ல. சம்பளத்துக்கு நான் சிதம்பரத்துல ஒரு மூக்குக்கண்ணாடி கடையில நிக்கிறேன். வீடு கடலூர் முதுநகர். போக வர பஸ்ல, கடையில கஸ்டமர் இல்லாத நேரத்துல, எங்க மேகம் கெளம்புது, எங்க கொட்டும், எந்தத் தெருவுல தண்ணி நிக்கும்னு பாத்து வாட்ஸ்ஆப் குரூப்ல போடுற கூட்டத்துல நானும் ஒருத்தி. இத படிக்கிற உங்கள்ல பாதி பேர் அதே நோய்க்காரங்கதான், அதனால வெக்கப்படாம எழுதுறேன்.

நனைஞ்ச பாதி

ராயப்பன் மாமா எங்க அம்மாவோட தம்பி. எங்க குடும்பத்துல நான் சொல்ற மழைய நம்புற ஒரே ஆளு. மத்தவங்களுக்கு நான் சும்மா போன நோண்டுற பொண்ணு. இந்தக் கோடைக்கு மாமா எள்ளு போட்டிருந்தாரு. பாதிய உதுத்து களத்துல பரப்பியாச்சு. மீதிப் பாதி இன்னும் உதுக்காம கட்டுக் கட்டா சாத்தி வச்சிருக்கு. எள்ளு நனைஞ்சா கறுத்துடும், ரெண்டு நாள் விட்டா முளைக்கும். வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கீழ போட்டுட்டுப் போயிடுவாரு. அதுக்குப் பயந்துதான் என்ன கேட்டுட்டு பரப்புனாரு.

மழை விட்டதும் போன் பண்ணேன். பின்னாடி தார்ப்பாய இழுக்குற சத்தம். அத்தை யார்கிட்டயோ "அந்தத் தலப்ப புடிடா"ன்னு கத்துறாங்க. மாமா திட்டுவாருன்னு காத்திருந்தேன். அவரு திட்டல. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு நிதானமா கேட்டாரு: "பாப்பா, வராதுன்னு என்கிட்ட சொன்னியே, மழைகிட்டயும் ஒரு வார்த்த சொன்னியா?"

சீனியர் தப்பு

ரேடார் படத்துல போட்டிருக்க டைம் நம்ம ஊரு டைம் இல்ல. லண்டன் பக்கத்து டைம். அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டுனாத்தான் நம்ம டைம். குரூப்புக்கு புதுசா வர்றவங்க கூட்ட மறந்துட்டு, மேல நிக்கிற மழைய காலையில போன மழைன்னு சொல்வாங்க, நாங்க சிரிப்போம். எனக்கு அது கை பழக்கமே ஆயிடுச்சு. செவுத்துல கடிகாரத்தப் பாத்தாக்கூட ஒரு நொடி கூட்டத் தோணும்.

அன்னைக்குன்னு பாத்து எப்பவும் பாக்குற பக்கம் திறக்கல. வேற ஒரு ஆப்ல பாத்தேன். பத்து மணின்னு போட்டிருந்துச்சு. கை தானா அஞ்சரைய கூட்டிடுச்சு. மூணரை. கடை கடிகாரத்துலயும் மூணரை. படத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. மாமாவுக்கு அடிச்சுட்டேன். அந்த ஆப்புல டைம் ஏற்கனவே நம்ம ஊரு டைம்தான். படம் காலையில பத்து மணியோட நின்னு போச்சு. நான் பாத்தது பழைய வானம்.

இதக் கண்டுபிடிச்சது யாசீன் அண்ணன். பரங்கிப்பேட்டைக்காரரு, துபாய்ல வேலை. புவனகிரி மேல செக்கச்செவேல்னு ஒரு மேகம் நிக்கிற படத்த அவரு முன்னாடியே குரூப்ல போட்டிருக்காரு. நான் அப்ப ஒரு வக்கீல் சாரோட கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி மாட்டிட்டிருந்தேன், பாக்கல. எல்லாத்தையும் கேட்டுட்டு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னாரு: "கூட்ட மறந்தா அது ஜூனியர் தப்பு ஜெனி. உன்னுது கூட்டிக் கூட்டிப் பழகுன சீனியர் தப்பு."

கடல் தாண்டி கொடித் துணி

பரப்புன பாதி கறுத்துப் போச்சு. மாமாவோட மீதி கட்டு காய இன்னும் ஒரு வாரம் வெயில் வேணும். இனிமே படத்த மட்டும் நம்பக் கூடாது, அந்தப் பக்கம் மாடிக்கு மாடி மழைமானி வைக்கணும்னு முடிவு பண்ணேன். மழைமானின்னா பெருசா ஒண்ணும் இல்ல, கோடு போட்ட நீட்டுக் குழாய். காலையில எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர் தண்ணி இருக்குன்னு பாத்து குரூப்ல போடணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட முதல் குழாய எடுத்துக்கிட்டு பரங்கிப்பேட்டைக்குப் போனேன், யாசீன் அண்ணன் வீட்டு மாடியில மாட்ட.

அவரோட உம்மா டீ போட்டுக் குடுத்துக்கிட்டே மகன் கதைய சொன்னாங்க. அங்க மழையே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு, டூட்டிக்கு நடுவுல நம்ம ஊரு ரேடார பாத்துட்டு, "உம்மா, இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடும், கொடியில இருக்க துணிய எடு"ன்னு போன் பண்ணுவாராம். இவங்க எடுத்து மடிச்சு முடிக்கவும் மழை விழுமாம். நாங்க பேசிட்டு இருக்கும்போதே மகன்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. உம்மா எழுந்திரிச்சு மாடிப்படி பக்கம் கைய காட்டி என்கிட்ட சொன்னாங்க: "கடல் தாண்டி இருக்கவனுக்கு என் துணி தெரியுது, மாடியில துணிக்குக் கீழயே படுத்திருக்கானே சின்னவன், இவனுக்குத் தெரியல."

ஷட்டர்

கோடை மழையில எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. மேகம் மதியத்துக்கு மேல மேற்கேர்ந்து, விருத்தாசலம் பக்கத்துலேர்ந்து கெளம்பி நம்ம பக்கம் வரும். கடல் காத்து எதுக்க போயி நிக்கும். ரெண்டும் மோதுற எடத்துலதான் கொட்டும். ஆனா எந்த எடத்துல மோதும்? சில நாள் ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் ரோடு காஞ்சு கெடக்கும், அடுத்த ஸ்டாப்புல தண்ணி ஓடும். கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். அந்தக் கோட்ட ஒரு நாளாவது கண்ணால பாத்துடணும்னு ஆசை.

திங்கக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்துலேர்ந்து திரும்பும்போது பாத்துட்டேன். பஸ்ஸுக்கு முன்னாடி ரோடு மேல வெள்ளையா ஒரு சுவர் நகந்து வருது. எல்லாரும் ஷட்டர இறக்குறாங்க. நான் மட்டும் போன வெளிய நீட்டி வீடியோ எடுத்துட்டு இருக்கேன். சுவர் வந்து மோதுச்சு. போன், நான், பக்கத்து சீட்டுல பூக்கூடையோட உக்காந்திருந்த அக்கா, மூணு பேரும் ஒரே நேரத்துல நனைஞ்சோம். கோட்டப் பாத்த சந்தோஷத்துல "எப்படி வந்துச்சு பாத்தீங்களாக்கா"ன்னு வேற கேட்டுட்டேன். அந்த அக்கா மூஞ்சிய முந்தானையால தொடச்சுக்கிட்டு சொன்னாங்க: "பாத்தது நீ, குளிச்சது நானு. ஷட்டர இறக்குடி."

முதுநகர் முதலிடம்

அடுத்த நாள் காலையில அவசரமா மாடிக்கு ஓடி, எங்க வீட்டுக்குன்னு மாட்டுன ரெண்டாவது குழாயப் பாத்தா, தொண்ணூறு மில்லி. நைட்டு நான் அசந்து தூங்கிட்டேன் போலன்னு நெனச்சு குரூப்ல போட்டேன். முதுநகர்தான் மாவட்டத்துலயே முதல். எங்க கூட்டத்துல இந்தப் பொறாமை ஒண்ணு உண்டு, ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க ஏரியாதான் ஜெயிக்கணும். கைதட்டு, கப்பு, பட்டாசு பொம்மைன்னு வந்து குவியுது. யாசீன் அண்ணன் மட்டும், "ரேடார்ல முதுநகர் மேல ஒண்ணுமே காணோமே"ன்னு ஒரு வரி போட்டாரு. பொறாமைன்னு விட்டுட்டேன். கீழ எறங்குனா தெரு காஞ்சு கெடக்கு. எதுத்த வீட்டு ஸ்கூட்டர் மேல தூசி அப்படியே இருக்கு.

அம்மாகிட்ட கேட்டேன். அம்மா அரிசி களஞ்சுக்கிட்டே திரும்பாம சொன்னாங்க: "ஆமா, நாந்தான் ஊத்துனேன். வெயில் காலத்துல காக்கா குடிக்கட்டுமேன்னு ஊத்தினேன், அலகு எட்டாத மாதிரி இவ்ளோ ஒல்லியாவா வாங்குவ?"

பழைய தண்ணி

அதே வாரம் கடல்ல ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவாச்சு. கோடையில இது வந்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அது ஒரு பக்கம் ஆசை. இன்னொரு பக்கம், மாமாவோட கட்டு இன்னும் வெளியதான் நிக்குது. ஒவ்வொரு தடவ படத்தப் பாத்து "வா, வா"ன்னு மனசு சொல்லும்போதும், அந்தக் கட்டு ஞாபகம் வந்து வாய மூடிக்கும்.

ஊர்ல அதுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு, போன்ல. கெடிலம் பாலத்துக்கு மேல தண்ணி போகுதுன்னு ஒரு வீடியோ ஊரெல்லாம் சுத்துது. ஆத்துல ஆடு மேயுறத நான் காலையிலதான் பஸ்ஸுலேர்ந்து பாத்தேன். கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் அத எனக்கே காட்டுனாரு. வீடியோவ பெருசு பண்ணிக் காட்டுனேன். "அண்ணே, கரையில நிக்கிறவரு ஸ்வெட்டர் போட்டிருக்காரு. இந்த வெயில்ல யாருண்ணே ஸ்வெட்டர் போடுவா? எப்பவோ மார்கழியில எடுத்தது." அவரு ஒரு நிமிஷம் உத்துப் பாத்தாரு. அப்புறம் அடுத்த ஆளுக்கு அனுப்பிக்கிட்டே சொன்னாரு: "ஸ்வெட்டர் பழசா இருக்கலாம்மா, தண்ணி தண்ணிதானே."

தெரியல

சாயங்காலம் மாமா போன் பண்ணாரு. கடையில ஒரு தாத்தா எழுத்துப் பலகைய படிச்சிட்டு இருந்தாரு. அவர அஞ்சாவது வரியில நிறுத்திட்டு வெளிய வந்தேன். "சொல்லு பாப்பா. கட்ட அங்கயே விடவா, எடுக்கவா? எடுக்குறதுன்னா டிராக்டர் சொல்லணும், ஆள் சொல்லணும். நாலு நாள் காயவிட்டா வேலை முடிஞ்சுது."

என்கிட்ட ரெண்டு கணிப்பு இருந்துச்சு. ஒண்ணு அந்தத் தாழ்வ நேரா பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் நடுவுல கொண்டாந்து விடுது. இன்னொண்ணு ஆந்திரா பக்கம் அனுப்பிடுது, நமக்கு வெறும் வெயில். முன்ன மாதிரி இருந்தா எனக்குப் புடிச்ச ஒண்ண எடுத்துக்கிட்டு அடிச்சு சொல்லியிருப்பேன். இந்தத் தடவ வாய் வரல. வரும்னு சொல்லி அவர அலையவிட்டு வெயில் அடிச்சா? வராதுன்னு சொல்லி மீதிப் பாதியும் போனா? "ரெண்டு மாதிரியும் காட்டுது மாமா. எனக்குத் தெரியல"ன்னேன். என் வாழ்க்கையிலயே நான் குடுத்த மோசமான ஃபோர்காஸ்ட் அதுதான்னு நெனச்சேன்.

மாமா அவசரமா சொன்னாரு: "நீயே தெரியலங்குற அளவுக்கு இருக்குதா? அப்ப பெருசாத்தான் வருது. வையி போன."

பக்கெட்

வந்துச்சு. ஆந்திராவுக்குப் போகல. விடியும்போது எங்க தெருவுல முழங்கால் தண்ணி, கடைசிப் படி வரைக்கும் ஏறிடுச்சு. அம்மா அரிசி டப்பாவ கட்டில் மேல ஏத்தி வச்சுட்டாங்க. கரண்ட் இல்ல. மாடிக்குப் போயி கொட்டுற மழையில குழாயப் பாத்தேன், நூத்தி நாப்பது. இந்தத் தடவ காக்காவுக்கு ஊத்துனது இல்ல. சாதாரணமா அந்த நம்பருக்கு நான் மாடியில ஆடியிருப்பேன். அன்னைக்குக் குரூப்ப திறக்கவே இல்ல. மாமாவுக்குப் போட்டா ஸ்விட்ச் ஆஃப். அத்தைக்குப் போட்டாலும் அதே. கட்டு நின்ன எடத்துல இப்ப தண்ணி நிக்கும். கட்டு?

மதியத்துக்கு மேல ஒரு போட்டோ வந்துச்சு, மாமா நம்பர்லேர்ந்து. பெயிண்ட் பக்கெட்டு, உள்ள பாதிக்கு மேல தண்ணி, தண்ணிக்குள்ள அவரு பையனோட ஸ்கூல் ஸ்கேல். உடனே போன் பண்ணேன். எடுத்த எடுப்புல, "பாப்பா, இருநூத்தி பத்து மில்லி. உன் கடலூர்ல எவ்ளோ?"ன்னாரு.

"மாமா, எள்ளு என்னாச்சு?"

"எள்ளா? நேத்து உன்கிட்ட பேசிட்டு நேரா போயி ஃபாதர்கிட்ட மாதா கோயில் ஹால் சாவி வாங்கிட்டேன். கட்டு பூரா உள்ள இருக்கு. பூட்டிட்டு வந்து பக்கெட்ட வச்சேன்."

அந்தப் பக்கெட்டு மேல அகலம், கீழ குறுகல், அதுல அளந்தா நெசத்த விட ஜாஸ்திதான் காட்டும். மழைமானிக்கு நேரா நிக்கிற குழாய்தான் வேணும், இதெல்லாம் குரூப்ல கணக்குலயே சேக்க மாட்டோம். அத சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். "நல்ல வேளை மாமா, எள்ளு தப்பிச்சுது"ன்னேன்.

மாமா விடல: "எள்ளு இருக்கட்டும், பேச்ச மாத்தாத. உன் மொட்டமாடியில எவ்ளோ, அத சொல்லு."

மழைய ரசிக்கிறதுக்கு ரேடார் வேணாம், ஆப் வேணாம், அஞ்சரைய கூட்டவும் வேணாம், எள்ள உள்ள வச்சுப் பூட்டிட்டா போதும்.