எண்ணுக்குள் ஓர் ஈ

ஒரே எண்தான். என் மடிக்கணினியில் பன்னிரண்டு இலக்கமும் முழுசாக வரும். கைப்பேசியிலோ முதல் இலக்கமான ஏழுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து, கடைசியில் E11 என்று வாலை ஆட்டும். புள்ளியைப் பதினோரு இடம் தள்ளிப் படி என்று பொருளாம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இந்த மலையிலிருந்தே மென்பொருள் சோதிக்கிறவன் நான். பெரிய எண்களை எந்தக் கருவி எப்படிக் காட்டுகிறது என்று பார்ப்பதே இரண்டு வாரமாக என் பிழைப்பு. லினக்ஸில் சரியென்றால் விண்டோஸில் தப்பு. பழைய விண்டோஸ், கேட்காமலே E-க்கும் 11-க்கும் நடுவில் ஒரு பூஜ்யத்தையும் செருகும். சீ என்றாகிவிட்டது.

மேலாளரிடம் போனில் கத்தினேன். "மதிப்பு ஒண்ணுதானே ப்ரோ? இவ்வளவு பெரிய நம்பரை யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்க? மூடிடுங்க" என்றார். எனக்கும் சலித்துப் போயிருந்தது. "பயனருக்குப் பாதிப்பில்லை" என்று எழுதிப் பிழைப் பதிவை மூடினேன்.

அடுத்த மாதம் நல்ல மழை. சாமை விதைக்க ஈரம் இரண்டு நாள்தான் தாங்கும். அம்மா காலையிலேயே பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் விதைக் கடைக்குப் போனாள். மதியம் காலிப் பையோடு திரும்பினாள்.

"இன்னாம்மா, விதை இல்லியா?"

"மூட்டை மூட்டையா கீது. எனக்குத்தான் இல்லியாம். கடைக்காரன் போன்ல மானியப் பட்டியலப் பாத்தான். என் விவசாயி அட்டை நம்பர்ல ஈன்னு ஒரு இனிஷியலாம். உங்கப்பா பேருல ஈ ஏதுடா? நீ வேற ஆளும்மான்ட்டான். பின்னால வந்தவங்களுக்கும் அதே ஈ. மலையே ஒரே அப்பனுக்கா பொறந்துச்சி? பட்டியல் திருந்தி வர நாலு நாளு ஆவுமாம்."

கடைக்காரர் கையில் இருப்பது நான் சோதித்த எங்கள் மென்பொருள்தான். அது இனிஷியல் இல்லை என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? மேலாளர் மேல் ஆத்திரம் பொங்கியது. திட்டுவதற்காகவே அந்தப் பழைய பதிவைத் திறந்தேன். மூடியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"யாருடா அந்த ஈ?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீயே போய் கடைக்காரன்கிட்ட சொல்லு" என்று காலிப் பையை என் மடியில் போட்டாள்.