மூணாவது மாடிக்குத் தெரியக் கூடாது

வண்டிக்குக் குரல் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தெருவே உங்களைத் திட்டும், ஆனால் ஒருத்தருக்கும் உங்கள் முகம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திய நேரத்தில் "வெங்காயம், வெங்காயம், வெங்காயமேய்ய்" என்று ஜன்னல் வழியாகக் காதுக்குள் புகுந்த அந்தச் சனியன், ஓசூர்ப் பக்கம் என்றால், அநேகமாக நான்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அதே தெருக்களில்தான் வீடு. நானும் என் குரலைக் கேட்டுத்தான் அலறி எழுகிறேன்.

மூணாவது மாடி பத்மாம்மாவை ஒரு மாசம் ஏமாற்றிய கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அதனால்தான் இப்போது சொல்லப் போவதில்லை. சிரிப்பைக் கடைசியில் வைத்தால்தான் நடுவில் எழுந்து போகமாட்டீர்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: அந்தக் குட்டு வெளிப்பட்டால் போவது என் மானம் இல்லை, அது போய் ரொம்ப நாளாச்சு. காய்கறி வண்டி சரோஜாக்கா ஒன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கூவிச் சேர்த்த ஆறு தெருவும் போய்விடும்.

கிரைண்டர்காரியும் நானும்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பள்ளிக்கூட ஹாலில் ஒரு படம் போட்டார்கள். பதினாறு வயசுப் பெண் ஒருத்தி மூன்று சக்கர சைக்கிளில் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மாவரைத்துக் கொடுப்பாள். படம் முடிவதற்குள் பத்து வண்டிக்கு முதலாளி. விளக்கைப் போட்டதும் எங்கள் மிஸ் எழுந்தார். "அவகிட்ட என்னென்ன குணம் பாத்தீங்க? கையில இருக்கறத முதலாக்கினா. வாடிக்கையாளர் சொல்றதக் கேட்டா. தோத்த மறுநாளும் வண்டிய எடுத்தா." இதை அப்படியே மிஸ்ஸின் மூக்குக் குரலில் பின் பெஞ்சுக்குத் திருப்பிச் சொன்னேன். வாசலுக்கு அனுப்பினார்.

வாசலில் நின்று யோசித்தேன். அவளிடம் கிரைண்டர். என்னிடம்? தொண்டை. அதற்குள் ஹெச்.எம். இருக்கிறார், பஸ் கண்டக்டர் இருக்கிறார், பால்காரர் இருக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவார்கள். எங்கள் ஊரில் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் மூன்றிலும் கூவியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதவு திறக்காது. மறுநாளே கோரைப்பாய் விற்க வந்த அண்ணனை நிறுத்தி, போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினேன். தமிழில் ஒரு பெரியவர், தெலுங்கில் ஒரு அம்மா, கன்னடத்தில் ஒரு வாலிபன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டி வீட்டுக்குள் பார்த்தார். "மூணு பேரும் உள்ளாறதான் இருக்காங்களா? இப்பவே சொல்லிடு பாப்பா, நான் ஒருத்தருக்குத்தான் காசு குடுப்பேன்."

ஜன்னல் நிறையச் சிரிப்பு

இரண்டாவது ஆள் உருளைக்கிழங்கு பசப்பா. ஆனேக்கல் பக்கத்திலிருந்து மூட்டையோடு வருவார். அவருக்கு ஒரு நாடகமே போட்டுக் கொடுத்தேன். புருஷன் உருளைக்கிழங்கு கேட்கிறான், பெண்டாட்டி மறுக்கிறாள், போலீஸ் வந்து கிழங்கைக் கைது செய்கிறது. தெருவே பால்கனிக்கு வந்துவிட்டது. வீடியோ எடுத்தார்கள், இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். பசப்பா முகத்தில் மாப்பிள்ளைக் களை.

சாயங்காலம் மூட்டைகள் போன மாதிரியே திரும்பி வந்தன. படத்தில் கிரைண்டர்காரியும் முதல் நாள் மாவைக் கோட்டை விட்டவள்தான் என்று என்னையே தேற்றிக்கொண்டு, நாடகத்தை அழித்தேன். பொருள், விலை, அவ்வளவுதான் என்று புதிதாகப் பதிவு செய்து கொடுத்தேன். பசப்பா திட்டவே இல்லை. வண்டியில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "ஜனம் ஜாஸ்தி வந்தாங்கம்மா. பைதான் யாரும் கொண்டு வரல."

பேச்சு வராத வாடிக்கையாளர்

சரோஜாக்காவுக்குச் சொந்த ஊர் பேரிகை. விடிகாலையில் தோட்டத்துக் காயை வாங்கி மினி வண்டியில் ஏற்றி வருவார், வண்டி ஓட்டுவது வீட்டுக்காரர் முனிராஜ் அண்ணன். அக்காவின் கூவல் ஆறு தெருவுக்கும் அலாரம். அந்த அக்கா ஒருநாள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் பேசாமல் நின்றார். அண்ணன்தான் பேசினார். கழுத்தில் கட்டி, ஆபரேஷன் ஆகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரெண்டு மாசம் வாயையே திறக்கக் கூடாதாம். "நோய்க்காரி கையில காய் வாங்குவாங்களான்னு இவளுக்குப் பயம். அதனால ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இதுல ரெண்டு நாளா வேற ஒரு வண்டி எங்க லைன்ல சுத்துது."

நான் பெரிய மனசு பண்ணி, செய்தி வாசிக்கிற அம்மா குரலில் தேனாகப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். அக்கா கேட்டார், தலையை ஆட்டினார், என் போனை வாங்கி ஒரு விரலால் தேடித் தேடித் தட்டி என் பக்கம் திருப்பினார். "அழகா பேசாத. என்ன மாதிரி பேசு."

மூன்றாம் ஷிப்ட் தெரு

ஆறு தெருவில் நாலாவது தெரு முழுக்க கம்பெனி ஆட்கள். பாதிப் பேர் மூன்றாம் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குபவர்கள். அக்கா அங்கே மட்டும் கூவாமல், ஒவ்வொரு கேட்டாகப் போய் மெதுவாகக் கூப்பிடுவாராம். எனக்கு அது தெரியாது. முதல் நாள் ஸ்பீக்கர் முழங்கியதும் ஒரு அண்ணன் லுங்கியோடு ஓடி வந்து, ஸ்பீக்கரை உடைத்து டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்க வேண்டுமே! மறுநாள் அந்தத் தெருவுக்கென்று தனிப் பதிவு, அக்கா குரலில், ரகசியமாக: "ஷ்ஷ்... தக்காளி... கத்திரிக்கா... செருப்பு சத்தம் வராம வாங்க..." பெண்கள் நிஜமாகவே நுனிக்காலில் வந்தார்கள். பேரமும் கிசுகிசுப்பில்தான், அக்கா விரலாலேயே விலை காட்டினார். அக்கா கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் அந்த லுங்கி அண்ணனே பையோடு வந்து அக்கா காதருகே சொன்னார். "ஏங்கா, இது காய் வாங்கற மாதிரியா இருக்குது? காய் திருடற மாதிரி இல்ல இருக்குது!"

காலர் மைக்

பதிவு கூவும், பேரம் பேசாது. அக்கா பேரம் பேசாவிட்டால் தெருவுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே நான் முனிராஜ் அண்ணன் பக்கத்தில், கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டேன். கையில் மைக். அக்காவுக்குத் தூசிக்கென்று மாஸ்க், கழுத்துத் துண்டில் பழைய இயர்போன் ஒயர். "சரோஜா காலர் மைக் வாங்கிட்டா" என்று தெரு நம்பியது. அக்கா கையால் ஜாடை காட்ட, நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பேசினேன்.

மூணாவது மாடி பத்மாம்மாதான் பெரிய பரீட்சை. முட்டிவலி, கீழே இறங்கவே மாட்டார். தனியாக இருப்பவர். கயிற்றில் கூடையை இறக்கி, மேலேயிருந்தே தெலுங்கும் தமிழுமாகச் சண்டை போட்டுக் காய் வாங்குவார். "ஏமே சரோஜா, பீன்ஸ் முத்தலா இருக்குதே, மாட்டுக்கு வெச்சிருந்ததா?" நான் விடுவேனா? "மாடு தின்னா பாலாச்சும் குடுக்கும்மா. நீங்க தின்னுட்டுக் கொறதான சொல்றீங்க!" கூடை துள்ளிக்கொண்டு ஏறியது. "மைக்கு வாங்கனதுல இருந்து ஒன் வாயி இன்னும் நீண்டு போச்சுடி சரோஜா!"

ஒரு கைப்பிடி கருவேப்பிலை

பத்மாம்மா தினமும் கடைசியில் கொசுறாகக் கருவேப்பிலை கேட்பார். முடியாது என்று அக்கா கத்த வேண்டும், அது முறை. கத்திக்கொண்டே கூடையில் காய்க்கு அடியில் ஒரு கைப்பிடி வைத்துவிட வேண்டும், அதுவும் முறை. நானும் ஒரு மாசம் தவறாமல் முடியாது என்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை கூடை ரொம்ப மெதுவாக இறங்கியது. குரலும் இறங்கியிருந்தது. "ராத்திரியெல்லாம் காய்ச்சல் சரோஜா. ஒரு ரசம் மட்டும் வெச்சுக்கறேன். கருவேப்பில சேத்துப் போடறியா?" மைக்கில் என் வாய் சொல்லிவிட்டது: "சரிம்மா, போட்டுட்டேன். மாத்திர சாப்ட்டீங்களா? போயி படுங்கம்மா." குரல் அச்சு அசல் அக்கா. ஆனால் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கூடை பாதி வழியில் நின்றது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படிக்கும் இரண்டு தடவை. மூணு மாடியும் இறங்கி, கேட்டைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, பத்மாம்மா வந்து அக்காவின் துண்டை விலக்கினார். தழும்பைப் பார்த்தார். ஆறு தெருவும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் வண்டி ஜன்னலில் பத்மாம்மா முகம். "வணக்கம்மா" என்றேன், பயத்தில் அதுவும் அக்கா குரலிலேயே வந்து தொலைத்தது. அவர் என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "ஒம்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் நீ எனக்கு சரின்னு சொல்லியிருப்பியாடி? சரின்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு இது நீ இல்லன்னு. எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா ஒனக்கு? நாளையில இருந்து நீ வாயத் தொறக்காத, நான் மேல இருந்து கூவறேன், எவ வேற வண்டிக்குப் போறான்னு பாத்துடறேன்!"

இப்படியாக, சம்பளமே கேட்காத, முட்டிவலியோடும் என்னைவிடச் சத்தமாகக் கத்துகிற ஒரு போட்டியாளரை நானே உண்டாக்கிவிட்டு, தற்சமயம் அக்கா வண்டியில் வேலையில்லாமல் இருக்கிறேன்.