ஸ்டோர் பேச்சியம்மாளும் ஒரு காரின் கரும்புகையும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி அளவில் செல்வம் கைப்பேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ராசிங்காபுரம் வந்துருங்க" என்றார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போடி பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

செல்வத்தின் அக்கா பேச்சியம்மாள், போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். அதே எஸ்டேட்டில் நான் கார் ஓட்டினேன். ஸ்டோர் என்பது பறித்து வந்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றிவரும். புகை மட்டும் கூரைக்கு மேலே போய்விடும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். காய் எடுக்கும் வேலைக்கு மலையேறி வந்த பேச்சியம்மாளிடம் அந்த அடுப்பை ஒப்படைத்த பிறகு, முதலாளி ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பழகுவதற்கு எளிதான மனுஷி என்று சொல்ல முடியாது. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காரைக் கொண்டுபோய் உலர்ந்த காயைக் கொட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வாசலிலிருந்தே சொன்னார்: "வண்டிய அங்கிட்டு நிப்பாட்டுங்க. காயில பெட்ரோல் வாடை ஏறுச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" அடுத்த இரண்டு வருடங்களில் எங்களுக்குள் அதைவிட நீளமான பேச்சு எதுவும் நடக்கவில்லை.

நான் இன்று சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கும். எஸ்டேட் கார் அப்போதே பழையது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. திங்கட்கிழமை போடியில் டேங்கை நிரப்பினால் சனிக்கிழமை வரை வரும். அந்த வருடம் மழை விட்டதும் அது வியாழக்கிழமையே தீரத் தொடங்கியது. கூடவே புகை. மெட்டு ஏற ஏறப் பின்னால் கரேலென்று வந்தது. எதிரே வந்த பஸ்காரர்கள் என்னைப் பார்த்துக் கையசைத்துத் திட்டினார்கள். போடியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நின்ற இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது, இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார்.

முதலாளி அதை நம்பவில்லை. நான் பெட்ரோலை உறிஞ்சி விற்பதாகவும், அதை மறைக்கப் புகைக் கதை சொல்வதாகவும் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "கெட்டது வண்டியா, நீயான்னு மாசக் கடைசிக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றார். அதற்குள் என் இடத்துக்கு ஆளும் பார்த்துவிட்டார். அந்த ஆள் செல்வம். லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர். தம்பிக்கு இடம் கேட்டவர் பேச்சியம்மாளேதான். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல்தான் ஸ்டோரைக் கடந்து போய்வந்தேன்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டிருந்தேன். ஸ்டோரிலிருந்து நேராக வந்து பின்னால் நின்று புகையைப் பார்த்தார் பேச்சியம்மாள். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னார். புகைக்குழாய் ஆறியதும் உள்ளே விரலைவிட்டுத் துடைத்து எடுத்தார். விரலில் கரி. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பிசுபிசுப்பே இல்லையேண்ணே. ஆயில் எரிஞ்சா இப்புடியா இருக்கும்?"

"மெக்கானிக் ரிங்கு போச்சுன்னு சொல்றாரு."

"என் அடுப்புலயும் கருப்பாத்தான் வரும். எப்ப வரும்? வெறகு ஜாஸ்தியாகிக் காத்து கம்மியானா வரும். உங்க வண்டி பசியில கெடக்கல. தின்னது செரிக்காமக் கெடக்கு. காத்து எது வழியாப் போவுது, காட்டுங்க."

ஏர் பில்டரைக் கழற்றிக் காட்டினேன். மண்ணும் தூசியும் அப்பிக் கிடந்தது. அவர் முன்னாலேயே தட்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். இரண்டு நாள் புகை குறைந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் வந்துவிட்டது. போய்ச் சொன்னேன். சற்று யோசித்தார். "அப்ப நான் சொன்னது பாதிதான் சரி. காத்துல கொற இல்லேன்னா பெட்ரோல்தான் அளவுக்கு மேல வருது. அத அளந்து விடுறது எது?"

காற்றை அடைக்கும் சோக் மூடியபடி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தோம். நன்றாகத் திறந்துதான் இருந்தது. பிறகு கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், அதில் பெட்ரோலின் மேல் மிதக்கும் பித்தளை மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி, உள்ளே வரும் வழியை அடைக்கும் என்று விளக்கினேன்.

"தண்ணித் தொட்டியில பந்து கெடக்குமே, அதுமாதிரியா?"

"அதேதான்."

"அந்தப் பந்தக் கொண்டாங்க."

கழற்றிக் கொடுத்தேன். காதோரம் வைத்து ஆட்டினார். என்னிடமும் நீட்டினார். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டது. வெற்றாக இருக்க வேண்டிய மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தது. அந்தக் கனத்தில் அது மேலே எழாமல் கிடக்க, வழி அடைபடாமல் பெட்ரோல் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு அப்போதே முதலாளியிடம் ஓட வேண்டும்போல இருந்தது. பேச்சியம்மாள் விடவில்லை. "சத்தம் கேட்டுச்சுன்னா அவரு நம்புவாரா? கண்ணுல காட்டணும்" என்றார். ஒரு சட்டியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, நெருப்புப் பக்கமே வேண்டாம் என்று அடுப்பிலிருந்து நெடுந்தூரம் தள்ளி வந்து வைத்தார். முதலாளியை ஆள் விட்டு அழைத்தார். அவர் எதிரே மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பிடித்தார். பொட்டுப் பொட்டாக ஒரே இடத்திலிருந்து குமிழி எழும்பியது.

"ஓட்டை இங்க இருக்கு மொதலாளி. டிரைவரண்ணங்கிட்ட இல்ல."

முதலாளி குனிந்து வெகுநேரம் பார்த்தார். போடியில் பித்தளைப் பாத்திரம் பற்றவைப்பவர் ஒருவரிடம், உள்ளே இருந்ததை வடித்துவிட்டு ஈயம் வைத்து அடைத்து வாங்கி வந்தேன். மாட்டிய பிறகு முதலாளி முன்சீட்டில் ஏறினார். போடிக்கு இறங்கி மறுபடி மெட்டு ஏறும்வரை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவு தாண்டியதும், "சரி, நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி வேணும்" என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. அது போதுமாக இருந்தது.

செல்வத்துக்கு வேலை இல்லாமல் போனது. அவர் கோபித்துக்கொண்டு திருப்பூர் போனார். நான்கு வருடம் அக்காவிடம் பேசவில்லை. ஒரு தீபாவளிக்குப் பேச்சியம்மாள் வாங்கி அனுப்பிய சட்டை பிரிக்காமல் திரும்பி வந்தது. அன்றும் வழக்கம்போல ஸ்டோருக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார்.

பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. இரண்டு பேரும் ஜீப்புக்காகக் காத்து நின்றோம்.

"மொதல்ல நீங்க திருடுறீங்கன்னுதாண்ணே நானும் நெனச்சேன். தம்பிக்கு எடம் கேட்டதும் அந்தத் தைரியத்துலதான். பெறகு அந்தக் கரியத் தொட்டுப் பாத்துட்டேன். தெரிஞ்ச பெறகு தெரியாதமாதிரி எப்புடி இருக்குறது?"

அவரே தொடர்ந்தார்: "அவனுக்கு அந்த வேல கெடச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அதுவும் நெசந்தான்."

அவரைப் பற்றிப் பிறர் சொல்லும் புகழ்ச்சிகளைவிட அவர் பின்னால் சேர்த்துச் சொன்ன இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். செய்ததற்காக அவர் பெருமைப்பட்டதில்லை. இழந்ததை இல்லை என்றும் சொன்னதில்லை. செல்வம் திரும்பி வந்ததும், போடியில் சொந்தமாக ஜீப் வாங்கியதும், அக்காவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டதும் பின்னால் நடந்தவை. அவர்கள் எப்படிச் சமாதானமானார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ராசிங்காபுரத்தில் கூட்டம் அதிகமில்லை. எஸ்டேட்டில் காய் எடுக்கும் பதினோரு பெண்கள் மலையிலிருந்து ஒரே ஜீப்பில் இறங்கி வந்திருந்தார்கள். வேலைக்குக் கட்டிய தலைத்துண்டோடு வந்து நின்று, ஒவ்வொருவராகக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். "காய் எடுப்பு நேரம், வெரசாப் போயாகணும்" என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜீப் தெருமுனையில் திரும்பியதும் பாடையைத் தூக்கினார்கள். நான் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டுவிட்டுக் கூட நடந்தேன். வெயில் இன்னும் தணியவில்லை. போய் வாருங்கள், பேச்சியம்மா.