சிங்கப்பூர் வித்துவானின் பெரட்டுக் கச்சேரி

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி நாள் வாத்தியாருடைய மாட்டுக்குப் புல் அறுத்தேன். அப்படியிருந்தும் இன்றைக்கு என் பெயரில் பஸ் ஓடுகிறது, லொறி ஓடுகிறது. படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு வந்து நிற்கிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் படித்தவர்கள் எழுதுகிற சங்கீதக் கட்டுரைகளில் என்னைப் போன்ற ஆட்கள் வருவதே இல்லை. இன்ன நாதஸ்வர வித்துவான் சிங்கப்பூரில் வாசித்தார், பினாங்கில் வாசித்தார், லண்டனுக்கே போய் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவரை நானுஓயா ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது யார் என்று ஒரு வரி இருக்குமா? நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். நான் ஏற்றியிராவிட்டால் அவர் கப்பலும் ஏறியிருக்க மாட்டார்.

அப்போது என்னிடம் ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. ஒரு கதவு கயிற்றில் நின்றது. ஆனாலும் இறம்பொடை இறக்கத்தில் அந்தக் காரை என்னைப் போல் ஓட்ட இன்றுவரை ஆள் பிறக்கவில்லை. இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வித்துவானும் தவில்காரரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். வித்துவான் மெல்லிய ஜிப்பா போட்டிருந்தார். பல் தந்தியடித்தது.

"என்ன தம்பி ஊரு இது? மேகம் காருக்குள்ள வந்து உக்காருது."

"அதுகிட்ட நான் வாடகை கேக்க மாட்டேங்க. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன்.

நுவரெலியா தாண்டியதும் விஷயத்தைச் சொன்னார். சிங்கப்பூர்க் கோயில் ஒன்றின் தர்மகர்த்தா உடம்பைத் தேற்றிக்கொள்ள நுவரெலியாவில் தங்கியிருந்தார். மறுநாள் சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து வாசிப்பைக் கேட்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பிடித்தால் வித்துவானைச் சிங்கப்பூருக்கே அழைத்துக்கொள்வார். கோயிலில் வாசிக்க வேண்டும், அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"பிடிக்காட்டி?"

"மச்சான் கடையில புண்ணாக்கு நிறுக்கணும்" என்றார் வித்துவான்.

பின்சீட்டிலிருந்து தவில்காரர் தலையை நீட்டினார். "அவரு நிறுப்பாரு. மூட்டைய நான்தான் தூக்கணும். அதையும் சொல்லுங்கண்ணே."

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தவிலை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். ஈரச் சாக்கில் பூனை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எங்கள் மலை மூடுபனி தோலுக்குள் இறங்கிவிட்டது. வாரை இழுத்துக் கட்டியும் பயனில்லை. வித்துவான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது. புண்ணாக்குதான்" என்றார்.

யோசனை எனக்குத்தான் வந்தது. வேறு யாருக்கு வரும்? தேயிலை பேக்டரியின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி, சூடான காற்றை விட்டு வாட்டுவார்கள். தேயிலையை வாட்டுகிற காற்று தவிலை வாட்டாதா? நேரே பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போனேன். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் என் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவர்கள். கடைசிப் பிள்ளை ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்கவில்லை. அதனால் என் சொல்லைத் தட்ட மாட்டார்.

"ஏன்யா, இது பேக்டரியா மேளக்காரன் வீடா? நாளைக்குத் தேயிலையில மாட்டுத்தோல் வாசம் வந்தா தொரை என்னைய உரிச்சிருவான்" என்றார்.

"புது ரகம்னு சொல்லி விலையக் கூட்டச் சொல்லுங்க" என்றேன்.

தவிலை மேல்மாடியில் கொழுந்துக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டு வந்தோம். அந்த வாரத்துத் தேயிலை லண்டனில் நல்ல விலைக்குப் போனதாகக் கேள்வி. ஆக, வித்துவானுக்கு முன்னாலேயே அவருடைய தவிலின் வாசம் லண்டன் போய்விட்டது. அதற்கும் நான்தான் காரணம்.

திருவிழா நாள். விடியுமுன்பே தவிலை இறக்கினோம். தவில்காரர் பேக்டரி முற்றத்திலேயே நின்று ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று எதிர்மலை வரை போய்த் திரும்பி வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. விளாசித் தள்ளினார். வித்துவானும் சும்மா இருப்பாரா? கண்ணை மூடிக்கொண்டு நாதஸ்வரத்தை வாயில் வைத்துவிட்டார்.

இங்கேதான் ஒரு சங்கதி. பேக்டரி முற்றம்தான் எங்கள் பெரட்டுக்களம். தினமும் விடியுமுன் அங்கே தப்படித்தால் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற சனம் எல்லாம் எழுந்து வந்து வரிசையில் நிற்க வேண்டும். யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார்கள். அன்றைக்கு லீவுதான். ஆனால் கொழுந்து மலிந்து கிடந்த நேரம். துரை லீவை வெட்டிவிடுவான் என்று முதல்நாளே லயம் பூராவும் பேச்சு. சாமிக்கு அடித்தால் சத்தம் கோயில் பக்கமிருந்து வரும். இது பேக்டரிப் பக்கமிருந்து வந்தது. கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர்களுக்கு அது தப்பா தவிலா என்று ஆராய நேரம் ஏது?

மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். கூடையும் கம்பளியுமாகப் பெண்கள், மண்வெட்டியோடு ஆண்கள். பழக்கதோஷத்தில் வரிசையாகவே நின்றார்கள்.

"லீவ வெட்டிட்டானா, பாவிப் பய!"

"நான் நேத்தே சொல்லல? கொழுந்து மலிஞ்சா ஆத்தாளுக்கே லீவு கெடையாதுடி."

"ஏன்டி, தப்பு இன்னிக்கி இப்படிப் பேசுது?"

"புது ஆளு போல. ஊதுறதுக்கு வேற ஒருத்தனப் போட்டிருக்கானுங்க. அந்தச் சம்பளத்த நமக்குக் குடுத்தா என்ன?"

வித்துவான் கண்ணைத் திறந்தார். முற்றம் நிறையக் கூட்டம். அவர் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, இந்தக் குளிர்ல, இந்த நேரத்துல, என் வாசிப்பக் கேக்கவா இவ்வளவு பேரு?" என்று என் காதில் கேட்டார். "கூடை எதுக்கு?"

"இங்க அது வழக்கமுங்க" என்றேன். அது பொய்யில்லையே.

அதற்குள் துரை இராத்திரி உடுப்போடு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். பின்னாலேயே அவன் நாயும் ஓடி வந்தது.

"என்னா இது? நான் லீவு குடுத்தது! ஏன் வந்தது?" என்று தோட்டத் தமிழில் கத்தினான்.

"பெரட்டுச் சத்தம் கேட்டுச்சுங்க தொரை" என்றார் ஒரு கங்காணி.

துரை கூட்டத்தைப் பார்த்தான், மலையில் நிற்கிற கொழுந்தைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "நல்லது. பெரட்டுக்கு வந்தது, மலைக்குப் போறது. பகல் வரைக்கும் கொழுந்து. பொறகு சாமி."

சனம் முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. "சாயங்காலம் எவ கோயிலுக்கு வருவா? காலக் கழுவிட்டுப் படுத்துருவேன்" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. சிங்கப்பூர்க்காரர் வருகிற நேரத்தில் கோயிலில் ஈ காக்கை இருக்காது. அப்புறம் புண்ணாக்குதான்.

ஆனால் வித்துவானின் கோபமே வேறு. "என் ரசிகருங்கள வேலைக்கு வெரட்டுறானா இந்த வெள்ளைக்காரன்? பாதிக் கச்சேரியில விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? வாடா மேலே!"

"அண்ணே, செங்குத்தா இருக்கு" என்றார் தவில்காரர்.

"புண்ணாக்கு மூட்டைய நெனச்சுக்க."

தவில்காரர் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். தேயிலைச் செடிக்கு நடுவே நின்று இருவரும் வாசிக்க ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வாசிப்பு அமிர்தம். நடுவில் வித்துவான் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெண்கள் கொழுந்தெடுக்கிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். அவருடைய கெண்டைக்காலில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் கீழே ரோட்டு வளைவில் ஒரு கார் நின்றது. காது வரைக்கும் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெரிய மனிதர் இறங்கினார். நான் ஓடிப்போய் விசாரித்தேன். சிங்கப்பூர் தர்மகர்த்தாவேதான். அருவி பார்க்கப் புறப்பட்டு வந்தவர், வழியில் நாதஸ்வரம் கேட்டு நின்றுவிட்டார்.

"மலை மேல யாருப்பா?"

"நீங்க சாயங்காலம் கேக்க வர்ற வித்துவானுங்க."

"அவரச் சுத்தி ஏன் இவ்வளவு பேரு?"

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"இந்தா பாருப்பா. எங்க ஊருல விடியக்காலம் பாடத்துக்கு வான்னா ஒரு பிள்ள எந்திரிக்காது. வந்த வாத்தியாருங்க எல்லாம் வெறும் பாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டு ஊருக்கே திரும்பிட்டாங்க. இந்த மனுசன் லீவு நாள்ல, இந்தக் குளிர்ல, ஒரு மலையவே எழுப்பி வரிசையில நிறுத்தியிருக்காரு. எனக்கு இவருதான் வேணும்."

"வாசிப்பு எப்படிங்க?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சாயங்காலம் கோயிலில் கால் வைக்க இடமில்லை. லீவைக் கெடுத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே சனம் திரண்டு வந்திருந்தது. தர்மகர்த்தா நாற்காலியில் நன்றாகத் தூங்கினார். எழுந்து மாலையைப் போட்டு, கப்பல் டிக்கெட் தன் பொறுப்பு என்றார். தவில்காரர் அங்கேயே ஒரு குதி குதித்தார்.

சில வருசம் கழித்து அதே தவில்காரரை நானுஓயாவில் மறுபடியும் ஏற்றினேன். கோட்டு, காலில் சப்பாத்து எல்லாம் போட்டிருந்தார். அண்ணன் எப்படி என்று கேட்டேன்.

"அமோகமா இருக்காரு. லண்டன்லயும் வகுப்பு நடக்குது. ஒரு சட்டம் மட்டும் யாருக்கும் புரியல. பாடத்துக்கு வர்ற பிள்ளைங்க ஆளுக்கொரு கூடையத் தலையில மாட்டிக்கிட்டு வந்து வரிசையா நிக்கணும். வெள்ளைக்காரப் பிள்ளைங்களும் அப்படித்தான் நிக்குதுங்க. கேட்டா, நல்ல ரசிகனுக்கு அதுதான் அடையாளம்ங்கிறாரு."

நான் கியரை மாற்றிக் காரை இறக்கத்தில் விட்டேன்.