கிழக்குப் பக்கம் வழிந்தது

அத்தான் ஜெர்மனியில் ஒரு பியர்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். பியர் காய்ச்சியவர் அல்ல; காய்ச்சிய கொப்பரைகளைக் கழுவியவர். ஓய்வு பெற்று அக்காவோடு எங்கள் ஊரான நீர்வேலிக்குத் திரும்பியபோது, முளைகட்டிக் காயவைத்த பார்லியும் ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவும் கொண்டுவந்தார். ஒரேயொரு தடவை காய்ச்சத்தான் போதும்.

"எத்தினை ஆயிரம் லீற்றர் காய்ச்சின இடத்தில நிண்டனான் தம்பி. ஒரு கிளாஸ் எண்டாலும் என்ரை கையால காய்ச்சேல்லை" என்றார். இதற்கு அரச அனுமதி வேண்டாமா என்று கேட்டிருக்க வேண்டியவன் நான், இரசாயனம் படிப்பிக்கிற வாத்தியார். கண்டும் காணாததுமாய் விறகு கொத்திக் கொடுத்தேன்.

நொறுக்கிய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தபோது கலங்கல் நிறத்தில் இனிப்பான சாறு வந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, சோறு அவிக்கிற பெரிய கிடாரத்தில் அதை ஏற்றினோம்.

"கொதி வாற நேரம் கண்ணை எடுக்கப்படாது. நுரை ஏறினா விறகை இழு, தண்ணி தெளி. வழிஞ்சா நெருப்பும் போச்சு, பியரும் போச்சு" என்று சொல்லி, ஒரு வாளி தண்ணீரும் செம்பும் என்னிடம் தந்துவிட்டு, ஹொப்ஸ் எடுக்க அத்தான் வீட்டுக்குள் போனார்.

அவர் போனதுதான் தாமதம், கிடாரம் உறுமியது. ஓரத்தில் வெள்ளையாய் ஒரு கோடு தெரிந்தது. பிறகு முழுவதும் நுரையாகி, மண்ணிறமாகி, மூச்செடுப்பதுபோல் மேலே வந்தது. பேக்கரியில் பாண் வேகிற வாசமும் தேன் வாசமும் ஒன்றாய் அடித்தன. புரதம் கொதியில் நுரைக்கும் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அது இவ்வளவு அழகு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. செம்பு கையில் இருந்தது. கை அசையவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது தைப்பொங்கலை மாடிவீட்டு மின்னடுப்பில் சின்னச் சட்டியில் பொங்கியவள். அங்கே வழிந்தால் அடுப்புப் பழுதாகும் என்று அரைச்சட்டியோடு நிறுத்திவிடுவாளாம். இப்போது முற்றத்தில், மூன்று கல்லில், நுரை விளிம்புக்கு வருகிறது. அவள் கை கூப்பினாள்.

"விடடா, பொங்கட்டும்!"

நானும் விட்டேன். எங்கள் வீட்டில் பிறந்த யார்தான் பொங்கிவருகிற பானையில் தண்ணீர் தெளிப்பார்?

வழிந்தது. நெருப்பு சீறி, பாதி அணைந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்து விறகை இழுத்தேன். நுரை இறங்கியது. கிடாரத்தை எட்டிப் பார்த்தேன்: கலங்கல் எல்லாம் திரிதிரியாய்ப் பிரிந்து, நடுவில் தெளிந்த பொன்னிறம் உருண்டுகொண்டிருந்தது. சாறு நாலு விரல் குறைந்திருந்தது.

அத்தான் ஹொப்ஸோடு வாசலில் நின்றார். எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. அக்கா அழத் தொடங்கிவிட்டாள். "இஞ்சாருங்கோ, நான்தான் விடச் சொன்னனான்..."

அவர் கிட்ட வந்து, நனைந்த சாம்பலைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் முதல் வழிஞ்சது?"

"கிழக்குப் பக்கம்" என்றாள் அக்கா.

அவர் ஹொப்ஸை இரண்டு கையிலும் அள்ளி, பொங்கல் பானையில் அரிசி இடுவதுபோல் கிடாரத்தை மூன்று தரம் சுற்றி உள்ளே விட்டார். பச்சை வாசம் முற்றமெல்லாம் எழுந்தது.

"முப்பது வருசம் ஆரோ வழியவிட்டதை நான் துடைச்சன்" என்றார். "இது என்ரை முற்றத்தில வழிஞ்சது. துடைக்காதேங்கோ."

நாங்கள் துடைக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் எறும்பு மொய்த்தது.