எனக்குத்தான் அண்ணாச்சி!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு பழக்கடை உண்டு. ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கக் கூட்டம் மொய்த்ததில் என் கணவருக்கு நின்ற இடத்தில் சாப்பிடக்கூட நேரமில்லை. வீட்டில் அதைவிடப் பெரிய பரபரப்பு. மூத்த மகளுக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஆடி பிறப்பதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு மாதவிலக்கு தள்ளிப்போனது.

அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. கடைக்கும் வீட்டுக்குமாக அலைவதால் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. ஒருநாள் காலையில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டதும் வயிற்றைப் பிரட்டியது. அன்றுதான் பயம் பிடித்தது.

நாங்கள் ஒன்றும் கவனமில்லாதவர்கள் அல்ல. இளையவன் பிறந்த பிறகு காப்பர்-டி போட்டிருந்தேன். ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததால் அதை எடுத்துவிட்டோம். அதன் பிறகு ஆணுறைதான். அந்த விஷயத்தில் என் கணவர் அசட்டையாக இருந்ததே இல்லை. ஆனாலும் எந்த முறையும் நூற்றுக்கு நூறு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போய், "என்னட்டி சொல்லுத?" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பயத்தில் வேறொரு காரியம் செய்துவிட்டார். வடகரையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அந்த அக்கா, என் மதினி, வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, உனக்கு வெக்கமா இல்லியா? மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருத நேரத்துல, நீ வாந்தி எடுத்துட்டு நிக்கப் போறியா? தெரிஞ்ச இடத்துல மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கேன். முழுங்கிட்டுப் பேசாம படு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

கையில் ஒரு சின்னப் பொட்டலம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருக்கிறதா இல்லையா என்றே இன்னும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. அதற்குள் என் வயிற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இவள் முடிவு செய்துவிட்டாள்.

"மதினி, அதை எடுத்துட்டுப் போங்க. இருந்தா என்ன செய்யணும்னு நானும் அவரும் டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுவோம். வெக்கப்படுததுக்கு நான் ஒண்ணும் திருடலையே" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளறையில் இருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மதினி போனதும் என் பக்கத்தில் வந்து, "எம்மா, கெளம்பு. தென்காசிக்குப் போய் டெஸ்ட் கிட் வாங்கிட்டு வந்துருவோம்" என்றாள். மகளிடம் இதையெல்லாம் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவளுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சாதாரணமாகச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். குற்றாலத்தில் எல்லாக் கடைக்காரர்களும் தெரிந்தவர்கள் என்பதால்தான் தென்காசி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. நாலைந்து பேர் நின்றார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தியும் வீட்டுக்காரருக்குச் சுகர் மாத்திரை வாங்க வந்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. மகள் விடவில்லை. நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். கடைக்காரருக்குக் கேட்கவில்லை.

"என்னது? கர்ப்பம் பாக்குத கிட்டா?" என்றார் உரக்க.

தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி என் மகளைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார். "பிள்ளைக்கா?" என்றார். எங்கள் தெருக்காரியும் திரும்பி அவள் கழுத்தையே பார்த்தாள். அதுவரை என்னைத் தைரியமாக இழுத்துக்கொண்டு வந்த பெண், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். அதுவரை எனக்குள் இருந்த கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"எனக்குத்தான் அண்ணாச்சி! எனக்கு நாள் தள்ளியிருக்கு. புருஷனோட குடும்பம் நடத்துதேன், பாக்கணும்லா? கிட்டு கேட்டது நான். நீங்க எதுக்கு அந்தப் பிள்ளை கழுத்தைப் பாக்குதீங்க? அவளுக்கே வேணும்னாலும் எடுத்துக் குடுக்கத்தானே கடை வச்சிருக்கீங்க?"

அவர் கிட்டை எடுத்துப் பேப்பரில் சுற்றப்போனார். "சுத்த வேண்டாம், அப்படியே தாங்க" என்று கையில் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, நீ போட்ட சத்தத்துல பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தோம். ஒரு கோடுதான் வந்தது. இரண்டாவது கோடு வருகிறதா என்று இருவரும் கண் இமைக்காமல் பார்த்தோம். வரவில்லை. நிம்மதியில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அது நிம்மதியால் மட்டும் வந்த அழுகை இல்லை. எனக்கு நடந்த ஒன்றுக்கு நான் எவ்வளவு கூனிக் குறுக வேண்டும் என்று ஆளாளுக்கு முடிவு செய்த ஆத்திரம் அது.

மறுநாள் சீசன் வியாபாரத்தையும் விட்டுவிட்டுக் கடையைப் பூட்டி, என் கணவர் என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டரம்மா மறுபடியும் சோதித்துவிட்டு, கர்ப்பம் இல்லை, தைராய்டு பார்க்க வேண்டும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த வயதில் இப்படி முன்னே பின்னே ஆகும், முழுவதும் நிற்கிற வரை பாதுகாப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். காது சிவக்க என் கணவர் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில், "இனிமே நம்ம ரூம் விஷயம் உங்க அக்கா வரைக்கும் போகக் கூடாது" என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலங்குளத்திலிருந்து போன் வந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், வரவில்லையாம். முன்பு பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்னவர்களே அவர்கள்தான். மருந்துக் கடைப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று மதினி இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. மகளிடம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், வருத்தமா என்று. "நீ அன்னைக்குப் பேசாம நின்னிருந்தாத்தான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றாள். இப்போது திருநெல்வேலியில் மேற்படிப்பு படிக்கிறாள். வரன்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்தச் சம்பந்தம் என்னால்தான் போனதென்றால் போகட்டும். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி தன் புருஷனோடு வாழ்வதைக் கேவலமாக நினைக்கிற வீட்டுக்கு என் மகள் வாழப்போயிருந்தால், நாள் தள்ளிப்போன ஒரு காலையில் அவள் பயத்தை யாரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம், அன்று அந்தக் கடையில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.